மிச்சம் எத்தனைங்க?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில், இரண்டு தறியில் தொடங்கி இருபது தறி போட்டவர், டைலராகச் சேர்ந்து கம்பெனி முதலாளி ஆனவர் என்று வாரம் தவறாமல் யாராவது வந்துவிடுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில், பல்லடம், சோமனூர், மங்கலம், தெக்கலூர் வட்டாரத்தில், அந்தப் பக்கத்தைத்தான் பையன் வீட்டில் விரித்துக் காட்டி, “நெலத்த வெச்சாவது பணம் பொரட்டிக் குடுங்கப்பா” என்று கேட்கிறான். அதனால் கணக்கு எழுதுகிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லவேண்டி இருக்கிறது.

கொங்கு நாட்டில் ஒரு கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். தறி எத்தனைங்க, ஏக்கரா எத்தனைங்க, பவுன் எத்தனை போடுவாங்க, சீட்டு எத்தனை லட்சத்துக்குங்க? எல்லாம் மொத்தத் தொகைதான். செலவு போக என்ன நிற்கிறது, அதற்கு எத்தனை மணி நேரம் நிற்கவேண்டி இருக்கிறது என்று கேட்டால் சம்பந்தி வீட்டாருக்கு முகம் சுருங்கிவிடும். இந்த மொத்தத் தொகைக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மிகவும் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

முதலில் தறி. கூலிக்கு ஓட்டும் சாதா விசைத்தறியையே எடுத்துக்கொள்வோம். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) ஜவுளி உற்பத்தியாளர் தருவார், துணியை மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்து கொடுக்க வேண்டும். தறி நிமிஷத்துக்கு 120 பிக் அடிக்கிறது (ஊடை ஒருமுறை குறுக்கே போனால் ஒரு பிக்), துணி இஞ்சுக்கு 60 பிக் என்றால் நிமிஷத்துக்கு 2 இஞ்சு, மணிக்கு 120 இஞ்சு, அதாவது 3 மீட்டரும் கொஞ்சமும். 12 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 36 மீட்டர். புதிதாக எட்டுத் தறி போடுகிறவர் 36-ஐ எட்டால் பெருக்கி, அதை முப்பது நாளால் பெருக்கி, 8,640 மீட்டர் என்று எழுதிக்கொள்கிறார். கணக்குக்கு மீட்டருக்கு 6 ரூபாய் கூலி என்று வைத்தால் மாதம் 51,840 ரூபாய். வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையிலும் இதே எண்தான், மாமனாரிடம் சொல்லுவதும் இதே எண்தான்.

தறி அப்படி ஓடாது. ஏன் ஓடாது என்பதை ஒரு தாரை, அதாவது ஊடை நூல் சுற்றிய குழலை, வைத்துச் சொல்லலாம். ஒரு தாரில் 25 கிராம் நூல் இருக்கிறது, நூல் 30-ஆம் நம்பர் என்றால் அதில் ஏறத்தாழ 1,270 மீட்டர் இருக்கும். 50 இஞ்சு அகலத் துணிக்கு ஒரு பிக்குக்கு ஓரங்கள் சேர்த்து 1.3 மீட்டர் ஊடை வேண்டும். நிமிஷத்துக்கு 120 பிக் என்றால் 156 மீட்டர். ஆக எட்டு நிமிஷத்தில் தார் காலி. ஒரே ஆள் எட்டுத் தறி பார்த்தால் சராசரியாக நிமிஷத்துக்கு ஒரு தார் மாற்ற வேண்டும், 12 மணி நேரமும். அவர் சாப்பிடப் போனாலோ பாத்ரூம் போனாலோ, திரும்பி வரும்போது நாலைந்து தறி நின்றுகொண்டிருக்கும். இதில் எந்தத் தறியிலும் பாவு இழை அறுந்ததைச் சேர்க்கவில்லை.

இழை அறுவதும் ஆளைப் பொறுத்தது மட்டும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்று காற்றாலைக்காரர்களுக்கு நல்லது, பருத்திப் பாவுக்கு ஆகாது. காற்று காய்ந்துபோனால் கஞ்சி போட்ட இழை மொடமொடத்து, பாவு நுழைந்து வரும் விழுதிலும் அச்சிலும் உரசி அறும். தறி ஓடும் குடோன் தரையில் தண்ணீர் தெளிப்பதும், காற்று வரும் பக்கத்து ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டுவதும் இதற்காகத்தான். அடித்துத் தள்ளும் பிக்கர் தேய்ந்தோ பெல்ட் தளர்ந்தோ இருந்தால், தாரைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா எதிர்ப் பெட்டிக்குப் போய்ச் சேராமல் பாவுக்கு நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். நூறு இருநூறு இழை ஒரே வெட்டில் போகும், ஒவ்வொன்றாக எடுத்து முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். ஊடை அறுந்தால் தறியை நிறுத்த வேண்டிய முள் வளைந்திருந்தால் தறி வெறும் பாவை ஓட்டிக்கொண்டே போகும். துணியில் பிளவு விழும், கூலி பிடிப்பார்கள்.

பிறகு பாவு பிணைப்பது. இஞ்சுக்கு 60 இழை வீதம் 50 இஞ்சுக்கு 3,000 இழை. பழைய பாவின் ஒவ்வொரு நுனியையும் புதிய பாவின் நுனியோடு முடிய வேண்டும். கை தேர்ந்தவருக்கே ஒரு வேளைப் பொழுது போகும். பாவு 1,000 மீட்டர், தறி நாளுக்கு 27 மீட்டர் என்றால் ஒரு பாவு 37 நாள் வரும். எட்டுத் தறி என்கிறபோது நாலைந்து நாளுக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு தறியில் பாவு இறங்கும். பிணைக்கும் ஆள் அன்றைக்குக் கிடைக்க வேண்டும், மறு பாவு வந்திருக்கவும் வேண்டும். ‘பாவு இல்லை’ என்று தறி நிற்கும் நாட்களைத் திட்ட அறிக்கை எழுதுகிறவர் யாரும் எழுதுவதில்லை.

ஆகவே 36-க்கு முக்கால் பங்கு, 27 மீட்டர். மாதம் 25 நாள். எட்டுத் தறிக்கு 5,400 மீட்டர், 32,400 ரூபாய். இனிச் செலவு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 1,000 யூனிட் ஆக்கப்பட்டது, அது பெரிய உதவிதான். ஆனால் தறிக்கு 1 எச்.பி. மோட்டார், எட்டுத் தறி, 12 மணி நேரம் என்றால் முழுப் பளுவில் நாளுக்கு 72 யூனிட் வரை இழுக்கும். முழுப் பளு எப்போதும் இருக்காது, 45 யூனிட் என்றே வையுங்கள். இரண்டு மாதத்துக்கு 2,250. இலவசம் போக 1,250 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். மின்சாரத்துக்கு மாதம் 4,500, பிக்கர், பெல்ட், நாடா, பேரிங் என்று உதிரிக்கு 3,000, பிணைக்கும் கூலி, தார் சுற்றும் கூலி, எண்ணெய், வண்டி வாடகைக்கு 4,500 என்று வைத்தால் 12,000 போய், நிற்பது 20,400. தறிக்கும் குடோனுக்கும் போட்ட 6 லட்சத்தை ஒரு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 6,000. மிச்சம் 14,400. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஆளுக்கு 12 மணி நேரம் தார் போட்டு, தறி பார்த்து நின்றால் மாதம் 600 மணி நேரம். மணிக்கு 24 ரூபாய்.

கூலி, உதிரி, வட்டி எல்லாம் கணக்குக்காக நாங்கள் வைத்த எண்கள், அவரவர் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எண் மாறும், கணக்கின் வடிவம் மாறாது. 51,840-ல் ஆரம்பித்து மணிக்கு 24 ரூபாயில் வந்து நிற்கும் இடத்தை ஒருமுறையாவது தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது ஒரே வரிதான்: வீட்டு ஆட்களின் கூலி. “நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்குங்க கூலி” என்பார்கள். வெளி ஆள் போட்டு ஓட்டினால் கட்டுபடியாகுமா என்று கேளுங்கள், கட்டாது என்பார்கள். அப்படியானால் தறி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளவில்லை, அந்த வீட்டுப் பெண்தான் தறிக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச், ஏப்ரலில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றதும் இந்தக் கணக்கால்தான். முதலாளி என்ற பெயர் இருக்கிறதே தவிர, விலை சொல்லும் இடத்தில் அவர் இல்லை. நெய்த கூலியை இழுத்தடிக்கிறவர்களிடம் கேட்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்த சிறு, குறு கூடத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரோடு பான் எண்ணும் வேண்டும். ஆனால் டெலிவரி சலானில் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் இல்லாமல் வெறும் நோட்டுக் கணக்கில் துணி போட்டால் இந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது.

யாருக்குத் தறி கட்டும் என்றால், சொந்த இடம், கடன் இல்லாத குடோன், இரண்டு உற்பத்தியாளரிடமாவது பாவு வாங்கும் வசதி, கோளாறைத் தானே சரிசெய்யும் கை, இந்த நான்கும் உள்ளவருக்கு. மூன்று இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு நிலத்தை அடமானம் வைப்பது வேண்டாம்.

அடுத்தது திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. சனிக்கிழமை கையில் வரும் சம்பளக் கவர் கனமாக இருக்கும், அதுதான் அதன் கவர்ச்சி. “ஒரு ஷிப்ட்தான் பாக்கறாராம்” என்று சொல்லும்போதே அந்த மாப்பிள்ளைக்கு மார்க் குறைந்துவிடுகிறது. ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரைக்கு 900, ஆறு நாளுக்கு 5,400. ஆனால் எட்டு மணி நேர ஷிப்டுக்கு மேல், அரை ஷிப்ட் என்று கணக்கில் வரும் நான்கு மணி நேரம் ஓவர்டைம், சட்டப்படி அதற்கு இரட்டைக் கூலி. மணிக்கு 75 ரூபாய்க்காரருக்கு ஓவர்டைம் மணிக்கு 150. ஆறு நாளுக்கு 24 மணி நேரம், 3,600. ஷிப்ட் கூலி 3,600-உடன் சேர்த்தால் 7,200. ‘அரை ஷிப்ட்’ என்ற அந்த அழகான சொல், வாரத்துக்கு 1,800 ரூபாயை ஓசையில்லாமல் விழுங்கிவிடுகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு இதுகூடக் கண்ணில் படாது.

வீட்டுப் பக்கத்துச் செலவையும் எழுதுங்கள். அம்மா, அப்பா இருவரும் எட்டரைக்கு வந்தால் ராத்திரிக்குப் பரோட்டா பார்சல். ஸ்கூல் விட்ட பிள்ளையை ட்யூஷனில் விட்டு வைக்க ஒரு காசு. உடம்பு சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. அந்த அரை ஷிப்டின் 300 ரூபாயில் பாதிக்கு மேல் இப்படியே திரும்பிப் போகும் வீடுகள் உண்டு.

கவரைப் பார்க்கிற கண்ணால் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யைப் பார்ப்பதில்லை. “அதெல்லாம் புடிச்சா கையில வர்றது கொறையுமுங்க” என்று டைலர்களே வேண்டாம் என்கிறார்கள். தொழிலாளி பங்கு இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம்தான், நிறுவனம் தருவது 3.25. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கு 26 வாரம். இதை வெளியில் எந்த இன்சூரன்ஸிலும் அந்த விலைக்கு வாங்க முடியாது. பி.எஃப்.பில் பென்ஷன் வேண்டும் என்றால் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் அடிபடுகிறார்கள். தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனி மாறுவார்கள், ஒவ்வொரு கம்பெனியிலும் புதிதாக ஒரு யு.ஏ.என். (ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டிய பி.எஃப். எண்) போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் தைத்தவருக்கு நாலு யு.ஏ.என்., எதிலும் பத்து வருஷம் இராது. புதுக் கம்பெனியில் சேரும் அன்றே பழைய எண்ணைக் கொடுக்க வேண்டும். பழைய கம்பெனியில் விலகிய தேதி ஏற்றியிருக்கிறார்களா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும், அது இல்லாமல் பழைய கணக்கை மாற்றப் போனால் தகராறு. ஆதாரில் ‘எஸ். முருகேசன்’, கம்பெனியில் ‘முருகேசன் எஸ்’ என்று இருந்தாலும் தகராறுதான். அரசின் உமங் ஆப்பில் மாதம் ஒருமுறை, எத்தனை ரூபாய் சம்பளத்துக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது ஐந்து நிமிஷ வேலை.

சீட்டு விஷயத்துக்கு வருவோம். “லட்ச ரூபாச் சீட்டு, மூணாவது மாசமே எடுத்துட்டேன், பதினஞ்சாயிரம்தான் நட்டம்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்க்கலாம். 20 பேர், மாதம் 5,000. மூன்றாம் மாதம் 30,000 தள்ளி 70,000 எடுக்கிறார். மற்றவர்கள் தள்ளுவதில் மாதா மாதம் வரும் பங்கான கசரைக் கழித்து, 20 மாதத்தில் அவர் கட்டுவது மொத்தம் 85,000 என்று வைத்தால், அவர் சொல்லும் 15,000 சரிதான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவர் தன் கையிலிருந்து 12,500 அளவுக்குக் கட்டிவிட்டார். உண்மையில் கைக்கு வந்தது 57,500 அளவு. அதற்கு மீதி 17 மாதமும் மாதம் ஏறத்தாழ 4,265 வீதம் கட்டுகிறார். வட்டியாகப் போட்டால் மாதத்துக்கு 2.7 சதவீதம் வருகிறது. ‘ரெண்டு வட்டி’ என்று கேட்டாலே “ஐயோ, அநியாய வட்டி” என்கிறவர், ரெண்டே முக்கால் வட்டிக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கிவிட்டு நட்டம் கொஞ்சம்தான் என்கிறார். கடைசியில் 95,000 எடுக்கிறவருக்கு ஏறத்தாழ ஒண்ணேகால் வட்டிக்குக் கொஞ்சம் குறையக் கிடைக்கும். சீட்டுப் பிடிக்கிறவர் கடைசி வரை ஊரில் இருந்தால்.

அதற்குத்தான் பதிவு. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி வாங்கி, சீட்டுத் தொகைக்குச் சமமான பாதுகாப்பை வைத்த பிறகே சீட்டு ஆரம்பிக்கலாம். நடத்துகிறவர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 2019 திருத்தத்துக்கு முன் அது 5 ஆக இருந்தது. ஒப்பந்த நகல் கேளுங்கள். “நமக்குள்ள எதுக்கு மாப்ள பேப்பரு” என்று பதில் வந்தால் சீட்டு சேராதீர்கள். 2012-ல் அம்பலமான பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழி மோசடியில் பணம் போட்டவர்களிடமும் பேப்பர் இருந்தது என்பது வேறு விஷயம். அதில் எழுதியிருந்த லாபத்தை எந்தக் கோழியும் தர முடியாது என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

பவுனைப் பற்றி நீட்ட வேண்டாம். 30 பவுன் என்றால் 240 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 28.8 கிராம், அதாவது 3.6 பவுன். மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., ஏறத்தாழ இன்னொரு பவுன். 34.6 பவுன் காசு கொடுத்து 30 பவுன் வாங்குகிறோம். செய்கூலி தனியாக இருந்தால் அது மேலே. விற்கும்போதும் அடகு வைக்கும்போதும் கல், மெழுகு, அரக்கு கழித்துத் தங்கத்தின் எடைக்குத்தான் விலை. வேலைப்பாடு கூடிய ஆரத்துக்குச் சேதாரம் அதிகம், வெறும் வளையலுக்குக் குறைவு, நாணயத்துக்கு இன்னும் குறைவு. பெண்ணுக்குப் பாதுகாப்புக்காகத்தான் போடுகிறோம் என்பவர்கள் ஏன் ஆரத்தில் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. மண்டபத்தில் நாணயம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். வாங்கும்போது 916 (22 காரட்) முத்திரையோடு, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறியில் வரும் எச்.யு.ஐ.டி. என்ற அடையாள எண் இருக்கிறதா பாருங்கள், 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். பில்லைப் பெண்ணின் பெயரிலேயே போடுங்கள். ஏனென்றால் நாலைந்து வருஷத்தில் அந்த முப்பது பவுன் தறிக்குடோன் போடுவதற்காக அடகுக்குப் போகும். அந்தத் தறிதான் மணிக்கு 24 ரூபாய் தரும் தறி.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தொழில் பக்கத்தில் வெற்றி பெற்றவரின் கதையை வெளியிடும்போது, கடைசியில் ஒரு சிறு கட்டம் போட்டு ஐந்து எண்களைச் சேர்த்து அச்சிடுங்கள்: போட்ட முதலில் கடன் எவ்வளவு, எத்தனை வட்டிக்கு, சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் வீட்டு ஆட்கள் எத்தனை பேர், நாளுக்கு எத்தனை மணி நேரம், தறியோ மெஷினோ போன வருஷம் எத்தனை நாள் வேலை இல்லாமல் நின்றது. டர்ன்ஓவரைச் சொல்லத் தயங்காதவர்கள் இதையும் சொல்வார்கள் என்று நம்புகிறோம். சொல்ல மறுத்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே அச்சிட்டாலும் போதும், எங்கள் பக்கத்துப் பையன்கள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சிறு தொழிற்கூடங்களுக்குக் கணக்கு எழுதுவோர்,
பல்லடம்.